எலும்புக்கூட்டின் மேல் ஒரு பாட்டு

1950 வாக்கில் சோவியத் யூனியனின் லெனின்கிராட் நகரத்தில் (இன்றைக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஒரு தெருமுனை. நல்ல குளிர். நீள ஓவர்கோட் போட்ட ஒருவன் சும்மா நிற்பதுபோல் நிற்கிறான். இன்னொருவன் பக்கத்தில் வந்து மெல்ல ஒரு பெயரைச் சொல்கிறான். நிற்பவன் கோட்டுக் கைக்குள் சுருட்டி வைத்திருந்த ஒன்றை உருவிக் கொடுக்கிறான். காசு கைமாறுகிறது. அடுத்த நிமிடம் இருவரும் ஆளுக்கொரு திசையில் நடக்கிறார்கள்.

வாங்கியவன் வீட்டுக்குப் போய், கதவைத் தாழ் போட்டுவிட்டு அந்தச் சுருளை விரிக்கிறான். வட்டமாகக் கத்தரித்த எக்ஸ்ரே பிலிம். விளக்குக்கு நேராகப் பிடித்தால் யாரோ ஒரு நோயாளியின் விலா எலும்புகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிகின்றன. நட்ட நடுவில் சிகரெட் நெருப்பால் சுட்ட ஓட்டை. அதைக் கிராமபோனில் மாட்டி ஊசியை வைத்தால் முதலில் வருவது பாட்டு இல்லை. அடுப்பில் எண்ணெய் பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்கு அடியிலிருந்து மெதுவாக ஒரு குரல் எழும்பி வருகிறது. டாங்கோ மெட்டு. காதல் பாட்டு.

இத்தனை ஒளிவு மறைவும் இந்தக் காதல் பாட்டுக்காகத்தான்!

இப்படி ஒரு தட்டை செய்ததற்காகவும் விற்றதற்காகவும் ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. அவர்கள் புரட்சிக்காரர்களோ எதிர்க்கட்சிக்காரர்களோ இல்லை. தனக்குப் பிடித்த பாட்டை இன்னொருத்தன் கேட்க வேண்டும் என்று நினைத்தவர்கள். அதில் நாலு காசு பார்க்கவும் நினைத்தவர்கள்.

அந்த நாட்டில் இசைத்தட்டு ஆலைகள் எல்லாமே அரசாங்கத்துக்குச் சொந்தம். எந்தப் பாடகர், எந்தப் பாட்டு, எத்தனை பிரதி என்று எல்லாவற்றையும் அதிகாரிகள் முடிவு செய்வார்கள். சந்தையில் கிராக்கி எவ்வளவு என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா நேச நாடாக இருந்ததால் ஜாஸ் இசைக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. போர் முடிந்து பனிப்போர் தொடங்கியதும் அதே ஜாஸ் எதிரியின் இசை ஆகிவிட்டது. 1948 பிப்ரவரியில் கட்சியின் மத்தியக் குழு இசை பற்றி ஒரு தீர்மானம் போட்டது. ஷோஸ்டகோவிச், ப்ரோகோஃபியெவ் போன்ற உலகப் புகழ் பெற்ற இசையமைப்பாளர்களுக்கே அதில் பெயர் சொல்லித் திட்டு. அப்புறம் சாதாரண பாட்டுக்காரர்களின் கதி என்னவாகும்?

எடி ரோஸ்னர் என்று ஒரு ட்ரம்பெட் கலைஞர். போர் தொடங்கிய சமயத்தில் சோவியத் பக்கம் வந்து சேர்ந்தவர். அங்கே பெரிய ஜாஸ் குழுவுக்குத் தலைவராக இருந்தார். அப்படிப்பட்டவரை 1946ல் கைது செய்து கோலிமா முகாமுக்கு அனுப்பினார்கள். 1954ல்தான் வெளியே வந்தார். வதீம் கோஸின் என்ற பாடகரின் தட்டுகள் போருக்கு முன்னால் சக்கைப்போடு போட்டன. அவரை 1944ல் கைது செய்து தூரக்கிழக்கில் இருக்கும் மகதான் நகருக்கு அனுப்பினார்கள். தண்டனை முடிந்த பிறகும் அவர் மாஸ்கோ பக்கம் குடிவரவில்லை. அங்கேயே தங்கி, அங்கேயே பாடி, 1994ல் 91 வயதில் அங்கேயே இறந்துபோனார்.

பியோத்ர் லெஷ்சென்கோவின் கதை இன்னும் வேடிக்கையானது, சோகமானதும்கூட. ரஷ்ய மொழியில் டாங்கோ பாடியவர். ஆனால் அவர் இருந்தது ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரத்தில். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு எல்லைகள் மாறியதில் அவர் வெளிநாட்டுக்காரர் ஆகிவிட்டார். போர்க் காலத்தில் ருமேனியப் படை ஒடெஸா நகரத்தைப் பிடித்து வைத்திருந்தபோது அங்கே போய்ப் பாடினார் என்பது அவர்மேல் விழுந்த பெரிய கறை. சோவியத் கடைகளில் அவருடைய தட்டு கிடையாது, ரேடியோவில் குரல் கிடையாது. ஆனாலும் அவர் குரலைத் தெரியாதவர்கள் குறைவு! போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் ஐரோப்பாவிலிருந்து மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த சாமான்களில் அவருடைய தட்டுகளும் இருந்தன. 1951ல் ருமேனியாவில் அவரைக் கைது செய்தார்கள். 1954ல் சிறை மருத்துவமனையில் செத்துப்போனார்.

அலெக்ஸாண்டர் வெர்தின்ஸ்கி மட்டும் விசித்திரமான விதிவிலக்கு. 1920ல் நாட்டை விட்டு ஓடியவர் 1943ல் திரும்பி வந்தார். ஊர் ஊராகக் கச்சேரி செய்ய அனுமதித்தார்கள். 1951ல் ஒரு சினிமாவில் நடித்ததற்காக ஸ்டாலின் பரிசுகூடக் கொடுத்தார்கள். ஆனால் அவர் பாட்டு ரேடியோவில் வராது. அரங்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம், வீட்டில் கேட்கக் கூடாது. இந்தத் தர்க்கம் யாருக்குப் புரியும்?

வெளிநாட்டுப் பாட்டு என்றாலே விஷம் என்று நினைத்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்டாலின் இறந்த மறு ஆண்டு, 1954ல், ராஜ்கபூரின் 'ஆவாரா' சோவியத் திரையரங்குகளில் ஓடியது. சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள். ரஷ்யக் கிழவிகள்கூட இந்திப் பாட்டை முணுமுணுத்தார்கள் என்பார்கள். அதாவது அயல்நாட்டுப் பாட்டைக் கேட்கலாம். எந்த அயல்நாடு என்பதை மட்டும் மேலே இருப்பவர்கள் சொல்வார்கள்.

மக்களுக்கு ஒரு பாட்டு வேண்டும். அரசாங்கம் தராது. அந்தப் பாட்டின் அசல் தட்டு நகரத்தில் எங்கோ நாலைந்து பேரிடம் மட்டும் இருக்கிறது. ஒன்றை நூறாக்குவது எப்படி? டேப்ரெக்கார்டர் வீடுகளுக்கு வராத காலம் அது.

1946ல் லெனின்கிராடின் முக்கியச் சாலையான நெவ்ஸ்கி ப்ராஸ்பெக்டில் ஸ்தனிஸ்லாவ் ஃபிலோன் என்பவர் ஒரு சின்னக் கடை திறந்தார். 'ஒலிப்பதிவு' என்றுதான் கடைக்கே பெயர். ஜெர்மனியிலிருந்து போர்ச் சாமானாக வந்த டெலிஃபுங்கன் கம்பெனியின் தட்டு வெட்டும் எந்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. போட்டோ ஸ்டூடியோவில் போய்ப் படம் எடுத்துக்கொள்வது மாதிரி, இங்கே வந்து உங்கள் குரலைப் பதிவு செய்து தட்டாக வாங்கிப் போகலாம். அம்மாவுக்கு ஒரு வாழ்த்து, காதலிக்கு ஒரு கவிதை. சட்டப்படி லைசென்ஸ் வாங்கிய தொழில். எல்லாம் சரி. ஆனால் கடை மூடுகிற நேரம் ஆனதும் உண்மையான வியாபாரம் ஆரம்பமாகும். தெரிந்த ஆட்கள் வருவார்கள். லெஷ்சென்கோ தட்டு ஒரு கிராமபோனில் சுழலும், பக்கத்தில் எந்திரம் அதைப் புதிய தட்டில் வெட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் கடைக்குப் பாட்டுப் பைத்தியமாக வந்து போனவர்களில் இரண்டு பேர் முக்கியம். ருஸ்லான் போகோஸ்லோவ்ஸ்கி, போரிஸ் தைகின். போகோஸ்லோவ்ஸ்கிக்கு எந்திர மூளை. ஃபிலோனின் எந்திரத்தைப் பார்த்துப் பார்த்தே அளவெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டு, வீட்டில் அதே மாதிரி ஒன்றைச் செய்துவிட்டார். தைகின் கவிதை எழுதுகிற ஆள். கூட்டாகத் தொழில் தொடங்கினார்கள். தங்கள் 'கம்பெனி'க்கு அவர்கள் வைத்த பெயர் 'தங்க நாய்'. ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் தட்டுகளில் குழாய் முன்னால் ஒரு நாய் உட்கார்ந்து கேட்குமே, அதைக் கேலி செய்கிற மாதிரி. திருட்டுத் தொழில் செய்கிறவன் முதல் வேலையாகத் தன் சரக்குக்கு முத்திரை வைப்பானா என்று கேட்டால், வைத்தார்கள். 'தங்க நாய்' என்றால் பதிவு நன்றாக இருக்கும் என்ற பெயர் வேண்டியிருந்தது.

எந்திரம் தயார். வெட்டுவதற்குத் தட்டு எங்கே? அதற்கான வெற்றுத் தட்டு கடையில் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். அங்கேதான் எக்ஸ்ரே பிலிம் வந்தது. அந்தக் காலத்துப் பிலிம்கள் எளிதில் தீப்பிடிப்பவை. பழையதைச் சேர்த்து வைக்காமல் அப்புறப்படுத்த வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு உத்தரவு இருந்தது. குப்பைக்குப் போகிற சாமானை ஒருத்தன் கேட்டால் யார் மறுப்பார்கள்? ஆஸ்பத்திரிச் சிப்பந்திக்குச் சில்லறை காசோ ஒரு பாட்டில் வோட்காவோ கொடுத்தால் கட்டுக் கட்டாகக் கிடைத்தது. மூலப்பொருள் செலவு ஏறக்குறைய பூஜ்யம் என்ற வகையில் வணிகவியல் பாடப்புத்தகத்தில் உதாரணமாகப் போடத் தகுந்த தொழில்.

ஆனால் இன்னொரு வகையில் இது மகா மோசமான தொழில். ஆலையில் ஒரு அச்சு செய்துவிட்டால் அதை வைத்து ஆயிரம் தட்டு அடிக்கலாம். இங்கே அப்படி முடியாது. மூன்று நிமிடப் பாட்டு என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று நிமிடம் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். ஊசி கொஞ்சம் பிசகினால் அந்தப் பிலிம் பாழ். நூறு பிரதி வேண்டுமா? அதே பாட்டை நூறு முறை கேள். பிடிக்காத பாட்டை வைத்துக்கொண்டு ஒருவனால் இந்தத் தொழிலைச் செய்திருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

பிலிமில் ஒரு பக்கம் மட்டும் பாட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று வேகம். பிலிம் மெல்லியது, பள்ளம் ஆழமில்லாதது. இரும்பு ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித் தின்னும். சில தடவை கேட்டால் அப்புறம் வெறும் இரைச்சல்தான். ஆகவே யாரைக் கூப்பிட்டுக் கேட்க வைப்பது என்பதைக்கூட யோசித்துத்தான் முடிவு செய்யவேண்டும். இன்றைக்கு ஒரு பாட்டின் சுட்டியை ஐம்பது பேருக்கு ஒரே நொடியில் அனுப்புகிறோம். அதில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று நமக்கே தெரியாது. அன்றைக்கு ஒரு நண்பனுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டினால் நம்மிடம் இருக்கும் பாட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இந்தத் தட்டுகளை 'எலும்புகள்' என்றும் 'விலா எலும்புகள்' என்றும் சர்வ சாதாரணமாகச் சொன்னார்கள். என்ன இருக்கிறது என்று கேட்டால், புதிதாக ஒரு எலும்பு வந்திருக்கிறது என்பார்கள். தெருவில் வாங்கும்போது கேட்டுப் பார்த்து வாங்க முடியாதல்லவா? ஏமாற்றுக்காரர்களுக்கு அது நல்ல வசதி. பாட்டு இரண்டு வரி ஓடி சட்டென்று நின்று, ஒரு ஆண் குரல் ரஷ்ய மொழியில், 'ஜாஸ் கேட்கவா ஆசைப்பட்டாய்' என்கிற தோரணையில் ஆரம்பித்து காது கூசும் வசவுகளைக் கொட்டும் தட்டுகளும் விற்பனையில் இருந்தன என்று ரஷ்ய ராக் விமர்சகர் ஆர்த்தெமி த்ரோய்த்ஸ்கி எழுதியிருக்கிறார். வாங்கியவன் யாரிடம் போய்ப் புகார் சொல்வான்? அதனால் தெரிந்தவன் மூலமாக வாங்குவதுதான் வழி. 'அவனிடம் வாங்கு, தரமாக இருக்கும்', 'இந்தப் பாட்டைக் கேள், விடாதே' என்ற வாய்ச்சொல்தான் விளம்பரம், அதுதான் விமர்சனம், அதுதான் உத்தரவாதம்.

1950 நவம்பரில் போலீஸ் வலை விரித்தது. தங்க நாய்க்காரர்கள் உட்படப் பலர் ஒரே சமயத்தில் பிடிபட்டார்கள். எந்திரங்கள், பிலிம்கள் எல்லாம் பறிமுதல். அடுத்த ஆண்டு வழக்கு நடந்தது. போகோஸ்லோவ்ஸ்கிக்கு மூன்று ஆண்டு. தைகினுக்கு ஐந்து ஆண்டு, ஏனென்றால் தட்டு வெட்டியதோடு நிற்காமல் அவர் ரௌடிப் பாட்டுகளைச் சொந்தமாக எழுதிப் பாடியும் இருக்கிறார் என்பது குற்றச்சாட்டு! 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்ததும் பொது மன்னிப்பு வந்தது. ஆட்கள் வெளியே வந்தார்கள்.

வந்து என்ன செய்தார்கள்? மறுபடியும் எந்திரம் செய்தார்கள். போகோஸ்லோவ்ஸ்கி அதற்குப் பிறகும் இரண்டு தடவை உள்ளே போய்விட்டு வந்தார். வெறும் காசுக்காக என்றால் ஒரு தடவை போனவன் வேறு தொழில் பார்த்திருப்பான். தைகினின் ஆர்வம் பிறகு கவிதைப் பக்கம் திரும்பியது. தணிக்கைக்குப் போகாத கவிஞர்களின் எழுத்தைத் தட்டச்சு செய்து, தைத்து, புத்தகமாக்கி நண்பர்களுக்குக் கொடுத்தார். பிற்காலத்தில் ரஷ்யா முழுக்கப் புகழ் பெற்ற நிக்கொலாய் ரூப்த்ஸோவின் முதல் தொகுப்பு 1962ல் அப்படித்தான் தைகினின் தட்டச்சில் சில பிரதிகளாக வந்தது. எலும்பில் செய்ததையே காகிதத்தில் செய்தார் என்று சொல்லலாம்.

இதற்கிடையில் வானொலி வழியாக ஒரு புதுக் கதவு திறந்திருந்தது. 1955 ஜனவரியில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் சிற்றலையில் வில்லிஸ் கோனோவர் என்பவர் இரவு நேர ஜாஸ் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். ஆழமான குரல். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அரசியல் பேசமாட்டார். இன்ன தட்டு, இன்ன ஆண்டு, வாசிப்பவர்கள் இன்னார் என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவார். சோவியத் அரசு ரஷ்ய மொழி ஒலிபரப்புகளைத்தான் இரைச்சல் போட்டு மறைத்தது. ஆங்கில ஒலிபரப்பை பெரும்பாலும் விட்டுவிட்டது. மாஸ்கோவிலும் வார்சாவிலும் ஒரு தலைமுறையே ஜாஸையும் ஆங்கிலத்தையும் சேர்த்து இவரிடம் கற்றுக்கொண்டது. இதில் தமாஷ், இவரைச் சொந்த நாட்டில் யாருக்கும் தெரியாது. அரசாங்கம் வெளிநாட்டுக்காகச் செய்யும் ஒலிபரப்பை உள்நாட்டில் பரப்பக்கூடாது என்று 1948லிருந்தே அமெரிக்காவில் சட்டம் இருந்தது.

1957ல் மாஸ்கோவில் உலக இளைஞர் விழா நடந்தது. 130 நாடுகள், 30,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டு இளைஞர்கள். அதுவரை தட்டில் மட்டும் கேட்டதை நேரில் வாசிக்கிற ஆட்களை லெனின்கிராட், மாஸ்கோப் பையன்கள் பார்த்தார்கள். பிறகு அவர்களைக் கட்டிப்போடுவது கஷ்டம் ஆகிவிட்டது.

ஆனால் எலும்புத் தட்டின் கதையை முடித்தது போலீஸ் இல்லை, டேப்ரெக்கார்டர்தான். ஸ்பூல் டேப் ஓடும் பெரிய பெட்டிகளை சோவியத் ஆலைகளே செய்து விற்றன. அறுபதுகளில் அவை வீடுகளுக்குள் வந்துவிட்டன. தடை செய்யப்பட்ட பாட்டைப் பரப்புகிற எந்திரத்தை அரசாங்கமே தயாரித்து, விலை போட்டு, ரசீது கொடுத்து விற்றது. இரண்டு டேப்ரெக்கார்டர், நடுவில் ஒரு வயர். போதும். எக்ஸ்ரே பிலிமைத் தேடி ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டியதில்லை.

அதோடு இன்னொரு மாற்றமும் நடந்தது. முன்பு வெளியே இருந்து வந்த பாட்டைத்தான் பிரதி எடுத்தார்கள். இப்போது உள்ளூரில், நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிடாருடன் பாடியதையே பதிவு செய்ய முடிந்தது. புலாத் ஒகுட்ஜாவா அப்படித்தான் நாடு முழுக்கப் பரவினார். ஒரு கம்பெனியும் அவர் தட்டைப் போடாத காலத்தில் கிராமத்துப் பள்ளி ஆசிரியருக்கும் அவர் பாட்டு தெரியும். அலெக்ஸாண்டர் கலிச் முகாம்களைப் பற்றியும் பொய்களைப் பற்றியும் பாடினார். 1971ல் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். 1974ல் நாட்டை விட்டுப் போனார். 1977ல் பாரிஸ் வீட்டில் ஒலிக் கருவி ஒன்றை இணைக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்துபோனார்.

இவர்கள் எல்லாரையும் விடப் பெரிய பெயர் விளதீமிர் விஸோத்ஸ்கி. மாஸ்கோ தகான்கா நாடக அரங்கின் நடிகர், கரகரத்த குரல், அறுநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள். 1964ல் எல்லா ஆலைகளையும் சேர்த்து மெலோதியா என்ற ஒரே அரசு நிறுவனம் ஆக்கியிருந்தார்கள். விஸோத்ஸ்கி உயிரோடு இருந்தவரை மெலோதியா வெளியிட்டது அவர் பாட்டுகளில் ஒரு சின்னப் பங்கைத்தான். மலையேறுபவர்கள் பற்றிய ஒரு படத்தில் 1967ல் பாடிய சில பாட்டுகள் சிறிய தட்டாக வந்தன. இப்படி ஒன்றிரண்டு. மற்றதெல்லாம் டேப்பில்தான். பிரதியின் பிரதி, அதன் பிரதி என்று போகப் போக ஒலி மங்கும். எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ இருமியது, நாற்காலியை இழுத்தது எல்லாம் பாட்டோடு சேர்ந்தே போகும். ஒரு டேப்பைக் கேட்டால் அது எத்தனை கை மாறி வந்திருக்கிறது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம்.

1980 ஜூலை 25 அன்று, மாஸ்கோ ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கும்போது, விஸோத்ஸ்கி இறந்தார். வயது 42. இரண்டு மாஸ்கோப் பத்திரிகைகளில் மட்டும் சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி. நாடக அரங்கின் டிக்கெட் ஜன்னலில் ஒரு அறிவிப்பு. அவ்வளவுதான். ஆனால் இறுதி ஊர்வல நாளில் பல்லாயிரம் பேர் அரங்கின் முன்னால் கூடிவிட்டார்கள். கூரை மேலெல்லாம் ஆட்கள். பாட்டு எந்த வழியாகப் பரவியதோ அதே வழியாகத்தான் சாவுச் செய்தியும் போயிருக்க வேண்டும்.

எண்பதுகளில் மறுபடி கதை லெனின்கிராடுக்கே திரும்புகிறது. அக்வாரியம் குழுவின் போரிஸ் க்ரெபென்ஷிகோவ் 1980ல் திபிலிஸி ராக் விழாவில் ஆடிய ஆட்டத்துக்காக வேலையையும் இளம் கம்யூனிஸ்ட் சங்க உறுப்பினர் அந்தஸ்தையும் ஒருசேர இழந்தார். அவருக்கு ஒரு பிடிவாதம். அங்கங்கே பதிந்த பாட்டுகளின் குவியல் போதாது, பீட்டில்ஸ் செய்த மாதிரி முறையான ஆல்பம் வேண்டும். வரிசை வேண்டும், பெயர் வேண்டும், அட்டை வேண்டும்.

ஆந்த்ரேய் த்ரோபில்லோ என்பவர் சிறுவர் தொழில்நுட்ப மையம் ஒன்றில் ஒலிப்பதிவு வகுப்பு நடத்திவந்தார். பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வகுப்பு, மற்ற நேரத்தில் அதே அறையில் ராக் குழுக்களின் ஆல்பம். 1981ல் அக்வாரியத்தின் 'நீல ஆல்பம்' அங்கே உருவானது. விற்பனை என்று ஒன்று கிடையாது. ஸ்பூல் டேப் பெட்டியின் மேல் நிஜமான போட்டோ ஒட்டி, பாட்டுகளின் பெயரை எழுதி, சில பிரதிகளைத் தெரிந்தவர்களிடம் கொடுத்தார்கள். மிச்சத்தை நாடு பார்த்துக்கொண்டது. 1982ல் விக்தர் த்ஸோயின் கினோ குழு பதிவு செய்த முதல் ஆல்பத்துக்குப் பெயர் '45'. காரணம் ரொம்ப எளிமை: ஓடும் நேரம் சுமார் 45 நிமிடம். அந்த த்ஸோய் பிற்பாடு பிழைப்புக்குக் கட்டடக் கொதிகலனுக்குக் கரி போடும் வேலையில் சேர்ந்தார்.

அரசு சும்மா இருக்குமா? 1985 ஜனவரியில் உக்ரைனின் நிகொலாயெவ் நகர இளம் கம்யூனிஸ்ட் சங்கம் ஒரு பட்டியலைச் சுற்றுக்கு விட்டது. டிஸ்கோதேக்களில் போடக்கூடாத வெளிநாட்டுக் குழுக்கள், பாடகர்களின் பெயர், எதிரே குற்றம். மானிடவியலாளர் அலெக்ஸெய் யுர்ச்சாக் 2005ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை முழுசாகத் தந்திருக்கிறார். ப்ளாக் சாபத்: வன்முறை, மத மூடத்தனம். டீனா டர்னர்: செக்ஸ். பிங்க் ஃப்ளாய்ட்: சோவியத் வெளியுறவுக் கொள்கையைத் திரித்தல். வில்லேஜ் பீப்பிள்: வன்முறை. காதல் பாட்டைத் தவிர வேறெதுவும் பாடியறியாத ஹூலியோ இக்லேஸியாஸின் குற்றம் என்ன தெரியுமா? நவீன ஃபாசிசம்!

அந்த நகரத்துப் பையன் ஒருவன் கையில் இந்தப் பட்டியல் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பான்? 38 பெயர்கள், எது எந்த வகை என்ற குறிப்போடு. இதைவிட நல்ல சிபாரிசுப் பட்டியல் அவனுக்கு வேறு எங்கே கிடைத்திருக்கும்? அதிகாரிகள் உட்கார்ந்து, தேடித் திரட்டி, டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கோர்பச்சேவ் ஆட்சிக்கு வந்தார். ஜோயானா ஸ்டிங்ரே என்ற அமெரிக்கப் பெண் லெனின்கிராட் குழுக்களின் டேப்புகளை ரகசியமாகக் கடத்திக்கொண்டு போய் 1986ல் அமெரிக்காவில் 'ரெட் வேவ்' என்று இரட்டைத் தட்டாக வெளியிட்டார். எதிரி நாட்டில் வந்துவிட்டது, உள்நாட்டில் இல்லையென்றால் மானம் போகும். மெலோதியா அவசர அவசரமாக அக்வாரியத்தின் பழைய டேப் ஆல்பங்களிலிருந்து பாட்டுகளை எடுத்து தட்டாகப் போட்டது. 1989ல் அதே மெலோதியாவின் லெனின்கிராட் கிளைக்கு இயக்குநராக வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? சிறுவர் மைய வாத்தியார் த்ரோபில்லோ! வந்தவர் செய்த வேலைகளில் ஒன்று, மேற்கத்திய ராக் ஆல்பங்களை யாரிடமும் உரிமை கேட்காமல் அரசு ஆலையிலேயே அச்சடித்து விற்றது. பழக்கதோஷம்.

லெஷ்சென்கோ? 1988ல் மெலோதியா அவருடைய பழைய பாட்டுகளைத் தொகுத்து ஒரு எல்.பி. தட்டு கொண்டுவந்தது. அவர் சிறை மருத்துவமனையில் இறந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. தட்டு நன்றாக விற்றது. இந்த முறை இரண்டு பக்கமும் பாட்டு, வழவழப்பான அட்டை, நடுவில் ஆலையில் போட்ட ஓட்டை.